பாதி வாக்கியம்

இரத்தத்தைப் பற்றிப் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இளவட்டங்கள். வேலாயுதம் வந்து சேர்ந்தபோது அவருக்குத் தலை முக்கால்வாசி நரைத்திருந்தது.

தெற்கே ஒரு பெரிய ஊரின் ஆஸ்பத்திரி அது. அங்கே இரத்த நோய்களுக்கென்று தனியாக ஒரு வார்டு இருந்தது. அதற்குத் தலைவர் டாக்டர் சலோமி. வேலாயுதத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை, மாணவர்தானே என்று பாராமல், சார் என்பார். இரண்டு பேரில் யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடிபடாது. வேலாயுதம் வாயைத் திறந்ததும் பிடிபட்டுவிடும். அந்த வார்டில் சத்தம் போடுகிறவர் அவர் ஒருவர்தான்.

கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கிராமத்து ஆஸ்பத்திரிகளில் வருஷக்கணக்காக ஒண்டி ஆளாக நின்று வைத்தியம் பார்த்தவர். அங்கே சத்தம் போட்டால்தான் ஆம்புலன்ஸ் வரும், சத்தம் போட்டால்தான் ஜெனரேட்டருக்கு டீசல் வரும். அந்தச் சத்தத்தால் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு காரியம் நடக்கவில்லையென்றால் குரலைக் கூட்டுவார். அப்படியும் நடக்கவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் கூட்டுவார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. போனில் தனக்கு வேண்டிய பதில் கிடைத்ததும் வைத்துவிடுவார். அந்தப் பக்கம் இருப்பவர் பேசி முடித்தாரா என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. அவர் மனைவி முக்கியமான சங்கதியை முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடப் பழகியிருந்தார். மற்றவர்களுக்கு அந்தப் பயிற்சி இல்லை.

வந்த புதிதில் ஒரு நாள் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அடிபட்டு இரத்தம் நிக்காம வர்றவங்களைத்தான் நான் இத்தனை வருஷமா பார்த்திருக்கேன். இரத்தத்தை உறைய வைக்கிறதைப் படிக்கலாம், நியாயம். உறையாம தடுக்கிறதை எதுக்கு மேடம் இவ்வளவு படிக்கணும்?"

சலோமி மேஜையில் இருந்த ஊசி ஒன்றை எடுத்துத் தன் மோதிர விரல் நுனியில் குத்திக்கொண்டார். இரத்தம் முத்தாகத் திரண்டு வழிந்தது. இருவரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன ஆச்சு சார்?"

"நின்னுடுச்சு."

"எது நின்னுச்சு?"

"இரத்தம்தான்."

சலோமி விரலைப் பஞ்சால் துடைத்தார். "உறையறதும் நின்னுடுச்சு. அதைப் பார்த்தீங்களா?"

வேலாயுதத்துக்கு விளங்கவில்லை.

"பால்ல ஒரு சொட்டு மோர் விட்டா சட்டி முழுக்க உறையுது. என் விரல்ல ஆரம்பிச்சது ஏன் முழங்கை வரைக்கும் போகல? ஏன் நெஞ்சு வரைக்கும் போகல?"

"ஆன்டித்ராம்பின்" என்றார் வேலாயுதம், பாடம் ஒப்பிக்கும் குரலில்.

"அது பேரு சார்" என்று சொல்லிவிட்டு சலோமி அடுத்த நோயாளியைப் பார்க்க எழுந்து போனார்.

பெயர் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். காயம் பட்ட இடத்தில் இரத்தத்தை உறைய வைப்பது த்ராம்பின் என்கிற ஒன்று. அது காயத்தைத் தாண்டி ஊர் சுற்றப் புறப்பட்டால் வழியிலேயே பிடித்து நிறுத்துவது ஆன்டித்ராம்பின். ஈரல் செய்து இரத்தத்தில் அனுப்புகிற ஒரு புரதம். அது இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. இல்லாதபோதுதான் தெரியும்.

அந்த வருஷம் மழை முடிந்த சமயத்தில் இசக்கியம்மாள் வந்தாள்.

இரண்டாவது பிரசவம் ஆகி மாதம் திரும்பவில்லை. இடது கால் தொடை வரைக்கும் வீங்கிப் பளபளவென்று இருந்தது. காலின் பெரிய இரத்தக் குழாயில் இரத்தம் கட்டிக்கொண்டு அடைத்திருந்தது. அது உடைந்து நுரையீரலுக்குப் போனால் ஆள் பிழைப்பது கஷ்டம். புருஷன் பரமசிவன் செங்கல் சூளையில் வேலை பார்க்கிறவன். அதிகம் பேசமாட்டான். பச்சைக் குழந்தையைத் தங்கை சந்தனமாரி வைத்திருந்தாள். பால் குடிக்கிற நேரத்துக்குக் கொண்டுவந்து அக்காளிடம் கொடுத்து வாங்கிப் போவாள். அவளும் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. வயிறு இன்னும் வெளியே தெரியவில்லை.

சலோமி அந்தச் சமயம் ஊரில் இல்லை. மலைமேல் எஸ்டேட்டில் அவருடைய அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தார். வார்டு வேலாயுதத்தின் பொறுப்பில் இருந்தது.

அவர் ஹெப்பாரின் டிரிப் போட்டார். இரத்தம் மேலும் உறையாமல் தடுக்கிற மருந்து. யாராக இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பார்கள், அதில் பிசகு இல்லை. மருந்து வேலை செய்கிறதா என்று வேளைக்கு வேளை இரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். உறைய எடுக்கும் நேரம் நீண்டிருக்க வேண்டும். நீளவில்லை.

வேலாயுதம் மருந்தைக் கூட்டினார். அப்படியும் நீளவில்லை. இன்னும் கூட்டினார்.

பிறகு மனிதர்கள் மேல் திரும்பினார். நர்ஸ் ஜெபக்கனி மருந்தைச் சரியாகக் கலக்கவில்லை என்றார். தன் கண் முன்னாலேயே பாட்டிலைக் கழற்றிப் புதிதாகக் கலக்கச் சொன்னார். டிரிப் ஓடுகிற மெஷினை மாற்றினார். மருந்தே போலியாக இருக்கும் என்று வேறு பெட்டி உடைக்கச் சொன்னார். லேபுக்குப் போய், யாருடைய இரத்தத்தை யாருடையது என்று பார்க்கிறீர்கள் என்று கேட்டார். ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு வந்து டிரிப்பை ஒரு படி ஏற்றினார். ஆஸ்பத்திரிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. மருந்து கேட்கவில்லையென்றால், கேட்கிற வரைக்கும் மருந்தை உரக்கச் சொல்லிப் பார்ப்பார்கள்.

இசக்கி இதையெல்லாம் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காவ எல்லாரையும் ஏசாதிய டாக்டரே" என்றாள். "சின்னவனுக்கு உறக்கம் கலையுது."

சலோமிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடாததற்கு வேலாயுதம் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணம், பாவம், அம்மாவைப் பார்க்கப் போன இடத்தில் எதற்குத் தொந்தரவு என்பது. உண்மையான காரணம் அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். தன் தங்கை வயதுக்காரியிடம் தெரியவில்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் வீக்கம் இடுப்பைத் தொட்டது. மத்தியானம் போன் போட்டார். மலைமேல் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. நல்ல வேளை, சலோமி அப்போது பஸ் நிற்கிற முக்கில் மருந்துக்கடையில் நின்றிருந்தார். நல்ல வேளை என்று அப்போது தோன்றியது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சலோமி சொன்னார்: "சார், ஹெப்பாரின் தனியா ஒண்ணும் செய்யாது. ஏற்கனவே இரத்தத்துல இருக்கிற ஆன்டித்ராம்பினை உசுப்பிவிடுறதுதான் அதோட வேலை. இந்தப் பொண்ணுக்குப் பிறவியிலேயே அது குறைச்சலா இருக்கும்போல. ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிட்டு இருக்கோம்."

வேலாயுதத்துக்கு முகம் சுட்டது. படித்ததுதான். தெரிந்ததுதான். "இப்ப என்ன மேடம் செய்யணும்?"

"பிளாஸ்மா கொடுங்க. தானம் கொடுத்தவங்க பிளாஸ்மாவுல அது இருக்கும்."

அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. போனை வைத்துவிட்டு, இரத்தத்திலிருந்து பிரித்து ஐஸாக உறைய வைத்திருக்கும் அந்த மஞ்சள் நீரை வாங்க இரத்த வங்கிக்கு ஓடினார். வைக்கும்போது அந்தப் பக்கம் சலோமி அடுத்த வார்த்தைக்காக மூச்சை இழுத்தது அவர் காதில் விழுந்தது. அந்தச் சத்தத்தைப் பிற்பாடு அவர் பல நாள் கேட்டார்.

சலோமி திரும்பக் கூப்பிட்டார். வேலாயுதம் அப்போது இரத்த வங்கியில், பிளாஸ்மாவை உருக்க இவ்வளவு நேரமா என்று கத்திக்கொண்டிருந்தார். திரையில் மேடத்தின் பெயரைப் பார்த்தார். கொடுத்து முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று போனைப் பையில் போட்டுக்கொண்டார். மறுபடியும் அடித்தது. அப்புறம் நின்றுவிட்டது. மலையிலிருந்து இறங்குகிற பஸ் அந்த முக்கிலிருந்து புறப்பட இருந்தது. வார்டு போன் நம்பரைத் தேடிப் பேச நின்றால் பஸ் போய்விடும், அடுத்தது மறுநாள்தான். சலோமி ஓடி ஏறினார். முதல் வளைவிலேயே சிக்னல் போய்விட்டது. அம்மாவிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல், வாக்கியத்தின் மீதிப் பாதியை வாயிலேயே வைத்துக்கொண்டு அந்த மனுஷி மலைப்பாதை முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வந்தார்.

மீதிப் பாதி பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஹெப்பாரின் டிரிப்பைக் குறைத்துவிட்டுப் பிளாஸ்மா கொடுங்கள் என்பதுதான்.

இரண்டு நாளாக மருந்து கொட்டிக்கொண்டிருந்தது. கேட்க ஆளில்லாததால் ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஆள் வந்தால் அத்தனையும் ஒரே சமயத்தில் கேட்கும். வேலாயுதத்துக்கு இது தெரியாதது இல்லை. ஆனால் இரண்டு நாளாக வேலை செய்யாத ஒன்றை, வேலை செய்யக்கூடியதாக அவர் மனது மறந்துபோயிருந்தது. கட்டில் பக்கத்தில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பிளாஸ்மா ஏறியது. சாயங்காலம் லேபிலிருந்து சொன்னார்கள், நேரம் நீள ஆரம்பித்துவிட்டது என்று. வேலாயுதம் சின்னப் பிள்ளைபோல் சந்தோஷப்பட்டார். வார்டில் எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார். ஜெபக்கனியிடம், நேற்று கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன் என்றுகூடச் சொன்னார். இசக்கியின் கட்டிலருகே நின்று, இனிமேல் பயமில்லை என்றார். அவள் சிரித்தாள்.

டீ ஆறுவதற்குள் சலோமி வந்தார். தோளில் பை இருந்தது. யாரையும் பார்க்கவில்லை, யாருக்கும் பதில் சொல்லவில்லை. நேரே கட்டிலுக்குப் போய் டிரிப்பைக் கையால் நிறுத்தினார். அதன் பிறகுதான் இசக்கியின் முகத்தைப் பார்த்தார்.

"தலை வலிக்குதாம்மா?"

"ஆமா. ரொம்ப நேரமா வலிக்கி" என்றாள் இசக்கி. "டாக்டர் சந்தோசமா இருந்தாவ. அதான் சொல்லல."

ஹெப்பாரினை முறிக்கிற மாற்று மருந்து போட்டார்கள். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மூளைக்குள் இரத்தம் கசிந்து பரவியிருந்தது. மறுநாள் பொழுது சாய்வதற்கு முன்னால் இசக்கியம்மாள் செத்துப்போனாள்.

மருந்து அதிகமாகிவிட்டது, தவறு எங்களுடையது என்று பரமசிவனிடம் சலோமிதான் சொன்னார். பக்கத்தில் நின்ற வேலாயுதத்துக்கு வாய் திறக்கவில்லை. எத்தனை ஊர்களில், எத்தனை அதிகாரிகளிடம் திறந்த வாய். பரமசிவன் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: சின்னவனுக்கு ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளுமா?

இசக்கிக்குக் குறைந்திருந்தது இரத்தவழியில் வருகிற குறை. கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கலாம் என்று சலோமி எல்லோருக்கும் சோதனை செய்யச் சொன்னார். காரியம் முடிந்த வீட்டிலிருந்து ஒவ்வொருவராக வந்து கையை நீட்டிவிட்டுப் போனார்கள். சந்தனமாரிக்கு இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. பிள்ளை பிறக்கும்வரை தினமும் அவளுக்கும் ஊசி போட்டாக வேண்டும். அதே மருந்துதான், கொஞ்சம் வேறு வடிவத்தில்.

அந்த வாரம் வேலாயுதம் சலோமியின் அறைக்குப் போனார். படிப்பை விட்டுவிடுவதென்று முடிவு செய்திருந்தார். ரொம்ப நேரம் நின்றார். சலோமி உட்காரச் சொன்ன பிறகும் நின்றார்.

"ஒரு நிமிஷம் போனைக் காதுல வச்சிருந்தா அந்தப் பொண்ணு இன்னைக்கு உயிரோட இருப்பா. அந்த ஒரு நிமிஷம் நிக்கிற குணம் எனக்கு இல்ல. எங்கப்பாவுக்கும் இருந்ததில்ல. இசக்கிக்கு இல்லாத மாதிரி எனக்கும் அது பிறவியிலேயே இல்லையா மேடம்?"

சலோமி ஊசி குத்திய அந்த மோதிர விரலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஆன்டித்ராம்பின் எத்தனை த்ராம்பினைப் பிடிக்கும் சார்?"

"ஒண்ணு."

"பிடிச்ச பிறகு?"

"ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஒண்ணா அழிஞ்சு போகும்."

"திரும்பி வராதா?"

"வராது மேடம்."

"அப்போ உங்க உடம்புல போன மாசம் இருந்தது?"

"போயிருக்கும்."

"இப்ப இருக்கிறது?"

"ஈரல் புதுசா செஞ்சது."

"நாளைக்கு வேணும்னா?"

வேலாயுதம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"சந்தனமாரி வெளியே உட்கார்ந்திருக்கா" என்றார் சலோமி. "முதல் ஊசியை நீங்க போடுங்க."

அக்காளுக்கு மருந்தைக் கூட்டியது யாரென்று அவளுக்குத் தெரியாது என்று வேலாயுதம் சொல்ல வந்தார். தெரியும், சொல்லிவிட்டேன் என்றார் சலோமி.

சந்தனமாரி மடியில் அக்காளின் குழந்தையை வைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்தாள். அழுது ஓய்ந்த முகம். வேலாயுதம் ஊசியை எடுத்தபோது அவருடைய கையைத்தான் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்காளுக்குப் போட்ட மருந்தா?"

இல்லை, இது வேறு என்று சொல்ல இடம் இருந்தது. புத்தகப்படி பார்த்தால் பொய்யும் ஆகாது.

"அதே வகைதாம்மா" என்றார்.

"எப்ப நிறுத்துவிய?"

வேலாயுதம் பதில் சொல்ல வாயெடுத்தார். அவள் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து மீதி வந்தது.

"எப்ப நிறுத்தணும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம நிறுத்தமாட்டேன். மேடம்கிட்ட முழுசா கேட்டுட்டுத்தான் நிறுத்துவேன்."

அவள் குழந்தையைக் கூட வந்திருந்த தன் தாயிடம் கொடுத்துவிட்டு, சேலையை ஒதுக்கி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் அவள் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து ஊசியைப் போட்டார்.

அதற்குப் பிறகு தினமும் பஸ் ஏறி வந்தாள். வீட்டிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுக்கிறோம் என்றார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கையாலேயே போடட்டும், அவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. வருவாள், திரும்பிக்கொள்வாள், போவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். வேலாயுதமும் எதிர்பார்க்கவில்லை.

அவர் மாறிவிட்டாரா என்று கேட்டால் என்ன சொல்வது. லேபில் ஒரு நாள் பழையபடி கத்தினார். கத்திவிட்டு வராந்தாவில் போய் வெகுநேரம் நின்றார். திரும்பி உள்ளே போய், நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லுங்கள் என்றார். இன்னொரு நாள் கத்தவில்லை. அதற்கு அடுத்த நாள் மறுபடி கத்தினார். இசக்கி படுத்திருந்த கட்டிலில் வேறு யார் யாரோ படுத்துக் குணமாகிப் போனார்கள். அந்தக் கட்டிலைத் தாண்டும்போது மட்டும் அவர் நடை தப்பும்.

சந்தனமாரிக்கு மாதம் நெருங்கியது. பிரசவத்துக்கு முன்னால் ஊசியை நிறுத்த வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால் அக்காளுக்குப்போல் இரத்தம் கட்டிக்கொள்ளும். தாமதித்தால் பிரசவத்தில் இரத்தம் நிற்காது.

அந்த நேரம் பார்த்து மலைமேல் சலோமியின் அம்மா போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு மேடம் போயிருந்தார். ஊசிக்கு வந்த சந்தனமாரி, காலையிலிருந்து இடுப்பு கடுக்கிறது என்றாள். வேலாயுதம் ஊசியைக் கீழே வைத்தார். அவளை எதிரே உட்காரவைத்துவிட்டு, சிக்னல் கிடைக்கும்வரை விடாமல் போன் போட்டார்.

துக்க வீட்டில் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு விவரம் சொன்னார். இந்த முறை சலோமி நிதானமாகப் பேசினார். இன்றைய ஊசி வேண்டாம். பிளாஸ்மாவை உருக்கித் தயாராக வைக்க வேண்டும். பிரசவத்துக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, ஊசியைத் திரும்ப ஆரம்பிப்பது எப்போது, எந்த அளவில், எதைப் பார்த்தால் பயப்பட வேண்டும். வேலாயுதம் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். சந்தனமாரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதான் சார்" என்றார் சலோமி.

வேலாயுதம் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ ஜெபம் சொல்கிற சத்தமும் நாற்காலிகளை மடக்குகிற சத்தமும் கேட்டது.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்."

"நான் சொல்லி முடிச்சுட்டேன்."

"மீதி எதுவும் இல்லையே மேடம்?"

சலோமி மூச்சை இழுப்பது கேட்டது. வேலாயுதம் காத்திருந்தார்.

"ஒண்ணு இருக்கு சார்" என்றார் சலோமி. "அது இவளுக்கு இல்ல. அன்னைக்கு இசக்கிக்காகச் சொல்ல வந்து பாதியில நின்னது."